மார்கழிப் பனியில் வயலைப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா விவசாயிக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. நடவு முடிந்து, களை எடுத்து, மேலுரமும் இட்டாயிற்று. வடகிழக்குப் பருவமழையின் ஆர்ப்பாட்டம் அடங்கி வாய்க்காலில் தண்ணீர் தெளிந்து ஓடுகிறது. அறுவடைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. "வயலில் இனி என்ன வேலை?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்பவர்கள் பலர். வாசலில் கோலமிட்டு, சாணத்தில் பூசணிப்பூவைச் செருகி வைக்க எழுந்திருக்கும் பெண்கள்தான் அந்த மாதத்தின் விடியலைப் பார்க்கிறார்கள். ஆண்கள் பார்ப்பது டீக்கடையின் ஆவியைத்தான்.

ஆனால், ஆண்டு முழுவதிலும் வயலைப் பார்ப்பதற்கு ஏற்ற நேரம் ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது மார்கழி, தை மாதங்களில் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரையிலான நேரமே. கண்ணுக்கு இதமான காட்சி வேறு எந்தப் பருவத்திலும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. அதோடு, மற்ற நாட்களில் கண்ணில் படாத பலவற்றைப் பனி வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறது. அழகைப் பார்க்கப் போனவர் பயிரின் நிலையையும் தெரிந்துகொண்டு திரும்பலாம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தபோது பனிக்கு மட்டும் இரண்டு பருவங்களை ஒதுக்கினார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முன்பகுதியிலேயே பனி விழத் தொடங்குவது முன்பனி என்றும், பின்னிரவில் விழுவது பின்பனி என்றும் இதற்கு விளக்கம் சொல்வார்கள். குளிர் நாட்டாரைப் போல நமக்கு மரங்கள் ஒரேயடியாக இலையுதிர்ந்து நிற்பதில்லை. நிலம் வெண்பனியால் மூடப்படுவதும் இல்லை. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் இந்த மாதங்களில் இரவு வெப்பநிலை 20 முதல் 22 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். மாற்றம் சிறியது. சிறியதாக இருப்பதால்தான் கவனித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பனித்துளியும் பயிர்த்துளியும்

மேகமில்லாத, காற்று அடங்கிய இரவில் நிலமும் இலைகளும் தம் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்துபோகின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீராகப் படிகிறது. இதுவே பனி. மேலிருந்து விழுவதாக நாம் பேசினாலும் அது மழையைப் போல் விழுவதில்லை. இருந்த இடத்திலேயே பிறக்கிறது. மேகம் மூடிய இரவுகளில் அது போர்வையைப் போல் நிலத்தின் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதால் பனி குறைவு. நேற்று நனைந்திருந்த வரப்புப் புல் இன்று காலை உலர்ந்து கிடந்தால், இரவில் மேகம் கூடியிருந்தது அல்லது காற்று அடித்தது என்று கொள்ளலாம்.

விடியற்காலையில் நெற்பயிரின் அருகே குனிந்து பார்த்தால் இரண்டு வகைத் துளிகளைக் காணலாம். இலைப்பரப்பு முழுவதும் பொடிப்பொடியாகப் படிந்திருப்பது பனி. இலையின் நுனியிலும் ஓரத்திலும் உருண்டு திரண்டு, இதோ விழப்போகிறேன் என்று நிற்கும் பெரிய துளி பனி அல்ல. அது பயிர் தானே வெளியிட்ட தண்ணீர். இரவில் இலை நீராவியாக விடும் தண்ணீர் மிகக் குறைவு. ஆனால் ஈரமண்ணில் நிற்கும் வேர் ஓயாமல் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தத்தில் மிகுதியான நீர் இலை நுனியில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கசிந்து துளியாகிறது. மேகம் மூடிப் பனியே இல்லாத காலையிலும் இந்தத் துளிகளைக் காணலாம். ஒரு வயல் முழுவதும் தாள்தோறும் ஒரு முத்து நின்று கிழக்கு வெளுக்கையில் ஒன்றாக மின்னுவது பார்க்கத் தகுந்த காட்சி. வேர் நலமாக வேலை செய்கிறது என்பதற்கும் அதுவே அடையாளம். சூரியன் பனைமர உயரம் வந்துவிட்டால் இரண்டு துளிகளும் மறைந்துவிடும். பத்து மணிக்கு மேல் வருபவர் எத்தனை முறை வந்தாலும் இதைப் பார்க்க முடியாது.

இந்த மாதத்தில் காணத்தக்க இன்னொன்று நெற்பூ. ஏக்கர் கணக்கில் நெல் பயிரிட்டவர்களில்கூட நெல் பூப்பதை நின்று பார்த்தவர்கள் குறைவு. தொண்டைக்கதிராக இருந்தது வெளியே வந்ததும் கதிரின் உச்சியிலிருந்து பூக்கத் தொடங்கி, சுமார் ஒரு வாரத்தில் அடிவரை பூத்து முடிகிறது. பனி உலர்ந்து வெயில் ஏறும் முற்பகல் வேளையில் உமி இரண்டாகத் திறந்து, மெல்லிய இழைகளில் மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். சற்று நேரத்தில் உமி மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வயலுக்குள் இறங்கி மருந்து தெளிக்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். பூத்த நாளைக் குறித்துவைத்துக்கொண்டால் அதிலிருந்து ஏறக்குறைய 30 நாட்களில் அறுவடை என்று கணக்கிடலாம்.

வலைகள் சொல்லும் சேதி

பனிக்காலத்து வயலில் எல்லோர் கண்ணையும் இழுப்பவை சிலந்தி வலைகள். வெயில் வந்தபின் அவை இருப்பதே தெரியாது. விடியலில் மட்டும் நூல்தோறும் நீர்த்துளிகள் கோத்திருப்பதால், தாளுக்குத் தாள் கட்டப்பட்ட வட்ட வலைகள் நூற்றுக்கணக்கில் வெள்ளியாகத் தெரியும். அவற்றைக் கைத்தடியால் அடித்துக்கொண்டு போகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறு. நீண்ட கால்களை இலையோடு ஒட்டி நீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் சிலந்தி வகைகள் அந்துப்பூச்சிகளையும் தத்துப்பூச்சிகளையும் வலையில் பிடித்து உண்கின்றன. வலையே கட்டாமல் தூரின் அடியில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி புகையானுக்குப் பெரும் பகை. ஒரு நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சிகள் வரை பிடிக்கக்கூடியது.

ஆகவே, காலையில் வரப்பில் நின்று பார்க்கும்போது வலைகள் நிறையத் தெரிந்தால் அந்த வயலில் கூலி கேட்காத காவலாட்கள் இருக்கிறார்கள் என்று பொருள். தூரைத் தட்டிப் பார்க்காமல், பக்கத்து வயல்காரர் அடித்தார் என்பதற்காக மருந்து அடிப்பதை அங்கே ஒத்திப்போடலாம். மருந்து அடித்த வயலில் முதலில் சாவது பெரும்பாலும் இந்தச் சிலந்திகளே. புகையான் அதன்பிறகுதான் தடையில்லாமல் பெருகுகிறது.

வரப்பிலும் பனி ஒரு கணக்கு எழுதிவைக்கிறது. ஈரம் படிந்த புல்லில் ஓர் ஒற்றையடித் தடம் மட்டும் ஈரம் துடைக்கப்பட்டு வயலுக்குள் போனால் அது எலி போன வழி. அதன் முனையில் புதுமண் தள்ளிய வளை இருக்கும். தஞ்சைப் பகுதியில் வழக்கத்தில் உள்ள கிட்டியை எங்கே வைப்பது என்று தேடி அலைய வேண்டியதில்லை. வயலில் ஆங்காங்கே பறவை உட்காரக் குச்சி நட்டிருந்தால் இரவில் ஆந்தையும் வந்து உட்காரும். காலையில் குச்சியின் அடியில் எலியின் எலும்பும் மயிரும் கொண்ட உருண்டை கிடந்தால், நட்டது வீண்போகவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

விருந்தாளிப் பறவைகள் வருவதும் இந்தப் பருவத்தில்தான். வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு வரப்பில் ஓடும் வாலாட்டிக் குருவிகளும், மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான் குருவிகளும் வடக்கே வெகு தூரத்திலிருந்து வந்தவை. இவை நெல்லைத் தொடுவதில்லை, பூச்சிகளையே உண்கின்றன. பூனைப்பருந்து கதிர்களை உரசுவதுபோலத் தாழப் பறந்து எலியைத் தேடும். நீர்ப்பறவைகளைப் பார்க்க விரும்பும் பிள்ளைகளைத் திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் அழைத்துச் செல்லலாம். இவ்விரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. நம் ஊர்ப்பக்கத்து ஏரிக்கு இவ்வளவு பெருமையா என்று கேட்பவர்கள் ஒரு மார்கழிக் காலையில் அந்தக் கரையில் நின்றால் போதும்.

பனியில் ஒரு பகையும் உண்டு

அழகாக இருப்பதெல்லாம் நன்மையே செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. இரவு குளிர்ந்து, இலை பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரமாகவே இருக்குமானால் குலைநோய்ப் பூசணத்துக்கு அதைவிட ஏற்ற சூழ்நிலை வேறில்லை. வயலின் மேல் மூடுபனி வெள்ளைத் துணிபோல் விரிந்து, எட்டு மணியாகியும் கலையாமல் கிடக்கும் நாட்களில் விவசாயி அதை ரசித்துவிட்டு, அடுத்த காரியமாகக் குனிந்து இலைகளைப் பார்க்க வேண்டும். கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமாகப் புள்ளிகள் தெரிந்தால் அது குலைநோய். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டுக் கருகருவென்று வளர்த்த வயல்தான் முதலில் பிடிபடும். பி.பி.டி. 5204 போன்ற, இந்நோய்க்கு எளிதில் ஆளாகும் ரகங்களைப் பயிரிட்டவர்கள் இரட்டிப்புக் கவனத்துடன் இருப்பது நல்லது.

இலையில் புள்ளி கண்ட அளவில் செய்ய வேண்டியது, மிச்சமிருக்கும் யூரியாவைக் கையில் எடுக்காமல் இருப்பது. அடுத்து, நோய் கண்ட இலைகள் நாலைந்தைக் கிள்ளி எடுத்துக்கொண்டு அன்றே வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய்க் காட்டி, மருந்தும் அளவும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தெளிப்பது பனி உலர்ந்த பிறகு. ஈர இலையில் அடித்தால் மருந்து வழிந்து வாய்க்காலுக்குத்தான் போகும். கதிர் வந்தபின் கழுத்துப் பகுதி கருத்து, கதிர் பதராகி ஒடிந்து தொங்கத் தொடங்கிவிட்டால் அந்தக் கதிரைக் காப்பாற்ற வழியில்லை. நாலு நாள் போர்வைக்குள் இருந்ததற்கு ஒரு போகத்தின் நெல்லை விலையாகக் கொடுத்தவர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

நீலகிரியில் இதே குளிர் இன்னும் இறங்கிப் புல்வெளியெல்லாம் வெளுத்து உறைபனியாகிவிடுகிறது. பார்க்க வருபவர்களுக்கு அது திருவிழா. தேயிலைக் கொழுந்து கருகி நிற்பவருக்கு நட்டம். கோவில்பட்டிக் கரிசலில் கதை வேறு. அங்கே மழை நின்றபின் கொண்டைக்கடலையும் கொத்தமல்லியும் மண்ணின் ஈரத்தோடு பனியையும் துணைக்கு வைத்துக்கொண்டு விளைந்துவிடுகின்றன. கடலைச் செடியின் இலையைப் பனியோடு நாக்கில் வைத்தால் புளிக்கும். அந்தப் புளிப்பு செடி சுரக்கும் அமிலம்.

தாளுக்கு நடுவே பச்சை

தை பிறந்ததும் காட்சி மாறுகிறது. பச்சை வயல் வெளிறி, பிறகு மஞ்சளாகி, கதிர்கள் தலைசாய்ந்துவிடுகின்றன. வாய்க்காலில் தண்ணீர் குறைகிறது. மேட்டூர் அணையும் வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடப்படும். நெல்லைப் பார்த்துக்கொண்டே அடுத்த பயிரை நினைக்க வேண்டிய நாட்கள் இவை. தலைசாய்ந்த நெல்லுக்குள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயறையும் தூவிவிட்டு, பத்து நாளில் நெல்லை அறுத்தெடுப்பது டெல்டா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் முறை. உழவு இல்லை, பாசனம் இல்லை, அடியுரமும் இல்லை. அறுத்த தாளுக்கு நடுவே இரண்டிலை, நாலிலையாகப் பயறு எழுந்து, மாசியில் வெளி முழுவதும் பச்சைக் கம்பளமாக விரிந்து, மஞ்சள் பூவோடு நிற்கும்.

"பயறு பனிக்கே விளையும்" என்பது பெரியவர்கள் சொல்லும் பேச்சு. அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. ஓர் இரவில் கால் மில்லிமீட்டர் பனி படிந்தால் ஏக்கருக்கு சுமார் 1,000 லிட்டர் தண்ணீர். கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் அது இலையை நனைத்துவிட்டுக் காலையிலேயே ஆவியாகிவிடும் அளவுதான். இலை ஈரமாக இருக்கும் நேரம் வரை செடி தன் தண்ணீரைச் செலவு செய்வதில்லை என்பதே பனி செய்யும் பேருதவி. செடி உண்மையில் குடிப்பது நெல் விட்டுச்சென்ற மண் ஈரத்தைத்தான். ஆகவே விதைக்கும் நாளில் மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். காலை வைத்தால் தடம் பதிய வேண்டும். தண்ணீர் ஊறி நிற்கக் கூடாது. ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் விதை மண்ணைத் தொட்டுவிட வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 12 கிலோ விதை தேவை. நெல் தரிசுக்கென்றே ஆடுதுறையில் உருவான ஆடுதுறை 3 போன்ற உளுந்து ரகங்கள் 70, 75 நாட்களில் முடிந்துவிடுவதால் வெயில் கடுமையாவதற்குள் வீடு வந்து சேரும்.

இந்தப் பச்சைக் கம்பளம் இப்போது பல ஊர்களில் கிழிந்துவருகிறது. அதற்கு முக்கியமான காரணம் அறுவடை இயந்திரம். ஆள் கிடைக்காத காலத்தில் இயந்திரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் பத்து நாள் முன்பு தூவிய விதை முளைத்து இலைவிட்ட பின் வண்டி இறங்கினால் அத்தனையும் நசுங்கும். வண்டி இறங்க வேண்டும் என்று வயலைக் காயவிட்டால் விதை முளைக்காது. இதற்கிடையில் வண்டி சொன்ன நாளில் வருவதும் இல்லை. தை மாதத்து மாலைகளில் டெல்டா கிராமம் எதிலும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்.

"அப்பா, வண்டி நாளைக்கும் வராதாம். வெள்ளிக்கிழமைதான் வருமாம்."

"உளுந்தைத் தூவி நாலு நாளாச்சுடா. வெள்ளிக்கிழமை வந்தா நெல்லு நமக்கு, உளுந்து வண்டிக்கு."

"இந்த வருசம் உளுந்தே வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன்."

"வேண்டாம்னா பங்குனியிலே கூட்டுறவுக் கடனுக்கு எதைக் கொண்டுபோய்க் கட்டுவே?"

இயந்திர அறுவடை என்று முடிவுசெய்தவர்கள் விதையைத் தயாராக வைத்துக்கொண்டு, வண்டி ஊருக்குள் வந்தது உறுதியான பிறகு, அறுவடைக்கு முதல் நாளோ அல்லது அறுத்த உடனேயோ மண்ணின் பதம் பார்த்துத் தூவுவதே பாதுகாப்பானது. சக்கர வண்டியைவிட பெல்ட் வண்டி மண்ணை அழுத்துவது குறைவு. வண்டி வரிசையாகக் கொட்டிச் செல்லும் வைக்கோலை அன்றே அகற்ற வேண்டும். அதன் அடியில் கிடக்கும் முளை வெளுத்துச் செத்துவிடும். நாலைந்து பேர் வயல் அடுத்தடுத்து இருக்குமானால் ஒரே நாளில் அறுக்கவும் ஒரே நாளில் விதைக்கவும் பேசிவைத்துக்கொள்ளலாம். ஆடு மாடு கட்டுவதற்கும் அந்த ஏற்பாடே உதவும். தனி ஒருவர் விதைத்த பயறை ஊர் மாடு விட்டுவைப்பதில்லை.

பருவமும் முன்போல் சொன்ன சொல்லில் நிற்பதில்லை. 2021 ஜனவரியில் மழை ஓய வேண்டிய நாளில் ஓயாமல் பெய்து, தலைசாய்ந்த நெல் வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு உள்ள 17 சதவீத வரம்பை அந்த ஆண்டு தளர்த்த வேண்டி வந்தது. தையில் வானம் மூடினால் பனி இல்லை. நெல்லும் காயாது, தூவிய பயறும் அழுகும். தெளிந்த வானமும் குளிர்ந்த இரவும் வெறும் கண்காட்சி அல்ல என்பது அப்படிப்பட்ட ஆண்டில்தான் உறைக்கிறது.

மாசியில் பயறு பூக்கத் தொடங்கியதும் ஒரு செலவு மட்டும் தவறாமல் செய்யத்தக்கது. ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி. உரத்தை முதல் நாள் 10 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் வடித்து, 200 லிட்டராகக் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். 15 நாள் கழித்து இன்னொரு முறை தெளித்தால் பிஞ்சு உதிர்வது குறைந்து காய் திரளும். இலைமேல் வெள்ளையாகத் தூவியதுபோல் தெரிவது எல்லாம் பனி அல்ல என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டுவது பனி. மாவு ஒட்டுவது சாம்பல் நோய். தொடக்கத்திலேயே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம்.

பங்குனியில் காய்கள் கருத்து நெற்றாகின்றன. வெயில் ஏறினால் நெற்று வெடித்து மணி சிதறும். அதனால் பயறு பறிப்பவர்கள் இருட்டோடு வயலுக்கு வருகிறார்கள். கடைசிப் பனி இன்னும் செடிமேல் இருக்கும். நெற்று நமுத்து, பிடுங்கும்போது சத்தமில்லாமல் கையோடு வரும். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு வரிசையாகப் பெண்கள் குனிந்து போக, அவர்களுக்குப் பின்னால் தாளும் வெடித்த மண்ணும் மட்டும் தெரியும். செடிகளைக் கட்டாகக் கட்டிக் களத்துமேட்டில் சேர்த்து முடிக்கும்போது சூரியன் பனைமரத்துக்கு மேல் வந்திருக்கும். அப்போது புல்லைத் தொட்டால் கை நனையாது.